மலையில் மெம்பிரேன் அடைத்தால் முதலில் எதில் காசு போடுவது?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ரிசார்ட் கட்டுகிறவர்கள் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) என்று பேச்சு வந்ததும் எம்.பி.ஆர். (மெம்பிரேன் என்ற நுண்துளை வடிகட்டி வைத்துச் சுத்திகரிக்கும் முறை) பக்கம் சாய்வதற்குக் காரணம் இடம்தான். சரிவில் மண்ணை வெட்டி, தாங்குசுவர் எழுப்பி, மிஞ்சுகிற துண்டு நிலத்தில் செட்லிங் டேங்க், மணல் வடிகட்டி, கார்பன் வடிகட்டி என்று வரிசையாக வைக்க முடியாது. காற்றூட்டும் தொட்டிக்குள்ளேயே மெம்பிரேனை இறக்கி, பம்ப் போட்டு உறிஞ்சி எடுத்தால் பாதி இடத்தில் வேலை முடிகிறது, தண்ணீரும் தெளிவாக வருகிறது, தோட்டத்துக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் திருப்பி விடலாம். விற்கிறவர் அழுத்திச் சொல்லாத ஒன்று, அந்த மெம்பிரேன் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது. 0.04 மைக்ரான் அளவுத் துளை உள்ள மெம்பிரேன் நார், லிட்டருக்கு 8,000 முதல் 12,000 மில்லிகிராம் ஸ்லட்ஜ் (பாக்டீரியாக்கள் திரண்ட சேறு) மிதக்கும் தொட்டியில் இருந்துகொண்டு உறிஞ்சினால் மேலே படியாமல் என்ன செய்யும்? அடைப்பை நிறுத்த முடியாது. எவ்வளவு மெதுவாக அடைய வைப்பது, அதற்கு எந்த வழியில் செலவழிப்பது என்பதைத்தான் நாம் முடிவு செய்யலாம்.

வழிகள் தெரிந்தவைதான். புளோயர் காற்றைக் கூட்டலாம், மெம்பிரேன் பரப்பைக் கூட்டி உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கலாம், ஹைப்போவில் (குளோரின் கரைசல்) அடிக்கடி கழுவலாம், பொடிக் கார்பனோ ஃபெரிக்கோ (ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு) போட்டு ஸ்லட்ஜைச் சரிசெய்யலாம், அழுக்கைத் தொட்டிக்கு வருவதற்கு முன்பே பிடிக்கலாம். சர்வீஸுக்கு வருகிறவர் பெரும்பாலும் காற்று, ஹைப்போ இரண்டோடு நிறுத்திக்கொள்வார். கோயம்புத்தூரில் சுமார் 400 மீட்டர் உயரத்தில் அது ஓரளவு எடுபடும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். இங்கே கணக்கு வேறு. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் முதல் காசு மெம்பிரேன் தொட்டிக்கு முன்னால் இருக்கிற வேலைகளுக்கு, இரண்டாவது காசு மெம்பிரேன் பரப்புக்கு. காற்றும் ரசாயனமும் அப்புறம்தான்.

அடைப்பா, குளிரா?

எதிலும் காசு போடுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரி காலையில் டி.எம்.பி. (மெம்பிரேனின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம்) மீட்டர் ஏறியிருக்கும். உடனே "அடைச்சிருச்சு" என்று கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள். தண்ணீர் குளிர்ந்தால் கெட்டிப்படும், அதாவது அதன் பாகுநிலை ஏறும். 25 டிகிரியில் 0.89 சென்டிபாய்ஸாக இருப்பது 12 டிகிரியில் ஏறக்குறைய 1.24 ஆகிவிடும். அதே அளவு தண்ணீரை அதே மெம்பிரேன் வழியாக இழுக்க 39 சதவீதம் கூடுதல் அழுத்தம் வேண்டும். 25 டிகிரியில் 10 கிலோபாஸ்கல் காட்டிய சுத்தமான மெம்பிரேன் 12 டிகிரியில் 14 காட்டும், அதில் அழுக்கு ஒரு துளிகூடக் கிடையாது. ஆகவே லாக் புத்தகத்தில் டி.எம்.பி. பக்கத்தில் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு தெர்மாமீட்டர் செலவு. இது இல்லாமல் குளிர்காலத்தில் தேவையில்லாமல் ஹைப்போ ஊற்றி மெம்பிரேன் ஆயுளைக் கரைக்கிறவர்கள்தான் மலையில் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொரு ஏமாற்று பெர்மியேட் பம்பில், அதாவது மெம்பிரேன் வழியாகச் சுத்தத் தண்ணீரை உறிஞ்சும் பம்பில் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்தான், கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. கீழே 10 மீட்டர் தண்ணீர்த் தூண் அளவுக்கு இருக்கும் உறிஞ்சு வாய்ப்பு இங்கே 8 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். பம்பைத் தொட்டிக்கு மேல் மட்டத்தில் வைத்து, நடுவில் நாலு எல்போ போட்டு, மெம்பிரேனும் கொஞ்சம் அடைந்திருந்தால், உறிஞ்சு குழாயில் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து குமிழாக நிற்கும், பம்ப் ஏர்லாக் ஆகும், ஃப்ளோ விழும். பார்க்கிறவருக்கு மெம்பிரேன் அடைத்ததாகவே தோன்றும். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்குவது இதற்கு நேரான தீர்வு, சரிவு நிலத்தில் அதற்கு ஒரு படி கீழே இடம் கிடைத்துவிடும். மலை நமக்குத் தருகிற சில சலுகைகளில் அது ஒன்று.

காற்று

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது காற்றுதான். "ஏனுங்க, இன்னொரு புளோயரையும் சேத்துப் போட்டு உட்ரலாமுங்களா?" என்று ஆபரேட்டர் கேட்பார். கேட்பதில் தப்பில்லை, பெரிய குமிழ்கள் நார்களை உலுக்கி, தட்டுகளைத் தேய்த்து (மெம்பிரேன் நார் வடிவிலும் வரும், தட்டு வடிவிலும் வரும்), படிந்த ஸ்லட்ஜை உதறிவிடுவதுதான் எம்.பி.ஆரின் அடிப்படைத் தற்காப்பு. ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு அளவுக்கு மேல் காற்றைக் கூட்டினால் பலன் கூடுவதில்லை, ஸ்லட்ஜ் திரள்கள் உடைந்து பொடியாகி, உள்ளே இருக்கிற பசைப்பொருள் வெளியே வந்து துளைக்குள் போய் உட்காரும். மேலே கேக்காகப் படிகிற ஸ்லட்ஜைக் காற்று உதறும், துளைக்குள் ஒட்டிய பசையை எத்தனை குமிழ் விட்டாலும் அசைக்காது.

மலையில் காற்று விஷயத்தில் ஒரு குழப்பமும் இருக்கிறது. "உயரத்தில் காற்று மெலிது, அதனால் மெம்பிரேன் காற்றைக் கால் பங்கு கூட்ட வேண்டும்" என்று ஒரு கோட்டேஷனில் பார்த்தேன். பாதி உண்மை. புளோயர் தள்ளுவது கன அளவை. பாக்டீரியாவுக்கு வேண்டியது ஆக்சிஜன் எடை, அது ஊட்டியில் உண்மையிலேயே கால் பங்கு குறையும், அந்தப் புளோயரைப் பெரிதாக எடுக்கத்தான் வேண்டும். மெம்பிரேனைத் தேய்ப்பது குமிழின் கன அளவு. இரண்டரை மீட்டர் ஆழத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் காற்று 126க்கு அமுங்குகிறது, அதாவது அளவு 80 சதவீதமாகச் சுருங்குகிறது. ஊட்டியில் 77 என்பது 102க்கு அமுங்குகிறது, 75 சதவீதம். வித்தியாசம் ஐந்தாறு சதவீதம்தான். ஆக, உயிரியல் காற்றுக்கும் தேய்ப்புக் காற்றுக்கும் தனித்தனிப் புளோயர் இருப்பவர்கள் முதலாவதைத்தான் பெரிதாக்க வேண்டும். ஒரே புளோயரை வால்வு போட்டுப் பிரித்து வைத்திருந்தால், ஆக்சிஜன் பற்றாமல் பாக்டீரியாவுக்குக் காற்று விடும் டிஃப்யூசர் பக்கம் வால்வைத் திறக்கத் திறக்க மெம்பிரேன் பக்கம் பட்டினி கிடக்கும். சின்ன பிளான்ட்களில் இப்படி நடக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கரண்ட் செலவையும் பாருங்கள். 3 கிலோவாட் இழுக்கும் ஒரு புளோயர் 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 72 யூனிட். 50 கே.எல்.டி. (நாளுக்கு 50 கிலோலிட்டர்) ஓடுகிற நாளில் கிலோலிட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு, பொறுத்துக்கொள்ளலாம். ஜூலை மழையில் அறைகள் காலியாகி 15 கிலோலிட்டர்தான் வருகிறது என்றால் அதே 72 யூனிட், கிலோலிட்டருக்கு கிட்டத்தட்ட 5. சீசன் இல்லாத மாதங்களில் டைமர் வைத்து விட்டு விட்டு ஓட்டுவது, அல்லது வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடுவது, இதில் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். பெரிய பிளான்ட்களில் பத்து வினாடி ஓட்டி பத்து வினாடி நிறுத்துவது, அதையும் தாண்டி முப்பது வினாடி நிறுத்துவது என்று ஓட்டி நிரூபித்த வழிதான் இது, வால்வுகள் மாறி மாறித் திறப்பதால் புளோயர் நிற்பதில்லை. சின்ன பிளான்ட்டில் புளோயரையே பத்து வினாடிக்கு ஒருமுறை நிறுத்தினால் மோட்டார் தாங்காது, நிமிடக் கணக்கில் வையுங்கள், அந்த ஓய்வு நேரத்தில் உறிஞ்சுவதையும் நிறுத்துங்கள். காற்று இல்லாமல் உறிஞ்சுவதுதான் கூடவே கூடாதது. தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் விழுந்து லைன் போகிற ஊரில் புளோயர் நின்றால் பெர்மியேட் பம்ப் தானாக நிற்கும் இன்டர்லாக் கட்டாயம். கரண்ட் திரும்பி வந்ததும் கால் மணி நேரம் காற்றை மட்டும் விட்டு, அப்புறம் உறிஞ்ச வேண்டும்.

பரப்பைக் கூட்டுவது

1995இல் ராபர்ட் ஃபீல்டும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிய ஒரு கருத்து இந்தத் துறையில் இன்றும் கைக்கணக்காக உதவுகிறது. ஒரு மெம்பிரேனில் சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை லிட்டர் என்ற ஒரு வரம்புக்குக் கீழே உறிஞ்சினால் அடைப்பு மிக மெதுவாகத்தான் ஏறும், அதைத் தாண்டினால் விறுவிறுவென்று ஏறும். வீட்டுக் கழிவுநீருக்கு 15 முதல் 25 வரை வடிவமைப்பது வழக்கம். வரம்பு எங்கே என்பது உங்கள் ஸ்லட்ஜைப் பொறுத்தது. ஃப்ளோவை அரை மணிக்கு ஒரு படி ஏற்றிக்கொண்டே போய், எந்தப் படியில் டி.எம்.பி. நிலையாக நிற்காமல் ஏறத் தொடங்குகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

50 கே.எல்.டி. பிளான்ட், 150 சதுர மீட்டர் மெம்பிரேன் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் சீராக உறிஞ்சினால் 14 லிட்டர்தான் வரும், சொகுசு. மே மாதம் மலர்க்கண்காட்சி சமயம் அதே இடத்தில் 75 கிலோலிட்டர் வருகிறது. 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறதே என்றால், அது வண்டிக்குத்தான், ஒரு அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதற்கு இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து ஓட்டினால் 23 லிட்டர். குளிர்ந்த தண்ணீரில் இது வரம்பைத் தொடும் அளவு. ஐம்பது சதுர மீட்டர் சேர்த்தால் 17க்கு இறங்கிவிடும். ஒரு முறை செலவு, அதன்பின் கரண்ட்டும் ரசாயனமும் கூடாது. மெம்பிரேனுக்கும் ஆயுள் நீளும். தொட்டியில் இன்னொரு மாட்யூல் (மெம்பிரேன் கட்டு) இறக்க இடம் விட்டுக் கட்டியிருந்தால், இரண்டாம் காசு இங்கேதான் என்று அடித்துச் சொல்வேன். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்த இடத்தை மட்டுமாவது விட்டு வையுங்கள், மாட்யூலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இடம் விடாதவர்களுக்கு ஓய்வும் பேக்வாஷும்தான் (சுத்தத் தண்ணீரைப் பின்னோக்கி அழுத்திக் கழுவுவது) மிச்சம். ஓய்வு எல்லாருக்கும் பொது. பேக்வாஷ் பெரும்பாலும் நார் வகைக்குத்தான். பெரும்பாலான தட்டு வகைகளில் பின்னாலிருந்து அழுத்தினால் மெம்பிரேன் தாள் தட்டைவிட்டு உப்பிக் கழன்றுவிடும், அதற்கு ஓய்வும் ஹைப்போ ஊறலும்தான் வழி. மலைக்கு எது மேல் என்று கேட்டால், ஆபரேட்டர் நிலையாக இல்லாத இடத்தில் தட்டு வகை. இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் முடி, பஞ்சு எல்லாவற்றையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

முன்னால் பிடிப்பது

மெம்பிரேன் மாட்யூலைத் தொட்டியிலிருந்து வெளியே தூக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். நடுவில் நார்கள் வெள்ளையாகத்தான் இருக்கும். மேல்முனையில், நார்கள் ஹெட்டரில் (எல்லா நாரையும் இணைக்கும் குழாய்) சேரும் இடத்தில், தலைமுடியும் பஞ்சும் முறுக்கி, ஸ்லட்ஜ் ஏறி, மாதக்கணக்கில் எண்ணெய் காணாத தலைபோல் சடை பிடித்திருக்கும். கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வெட்டும்போது நாலு நாரும் சேர்ந்து போகும். மலை ஹோட்டல்களில் அந்தச் சடையைப் பிரித்துப் பார்த்தால் முடியைவிடப் பஞ்சு நிறைய இருக்கும், சாம்பலும் சிவப்புமாக. கம்பளியும் ரஜாயும் துவைக்கிற லாண்டரித் தண்ணீர். சமவெளி ஹோட்டலுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு கிடையாது. காற்றைக் கூட்டினால் சடை இன்னும் இறுகும், ஹைப்போவில் அது கரையாது.

இதற்கு வாஷிங் மெஷின் வெளியேற்றுக் குழாயில் ஒரு நைலான் வலைப்பை போதும், தினம் கழற்றி உதற வேண்டும், அவ்வளவே. அப்புறம் மெம்பிரேனுக்கு முன் நுண் சல்லடை. நார் வகைக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர், தட்டு வகைக்கு 2 முதல் 3 வரை. வட்டத் துளை உள்ள சல்லடையாக இருக்கட்டும், நீளக் கீறல் உள்ளதில் முடி நெட்டுக்குத்தாக நுழைந்து போய்விடும். பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் கம்பி வைத்த பார் ஸ்கிரீன் மட்டும் போட்டு எம்.பி.ஆர். விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கோட்டேஷனில் இந்த ஒரு வரியைப் பார்த்தே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

எண்ணெய் அடுத்தது. சமையலறை எண்ணெய் எல்லா ஊரிலும் உண்டு, இங்கே சாக்லேட்டும் சேரும். ஹோம்மேட் சாக்லேட் செய்கிற இடத்தின் பாத்திரங்கள் சுடுதண்ணீரில் கழுவப்படுகின்றன. கோகோ கொழுப்பு 35 டிகிரிப் பக்கத்தில் உருகி, சின்ன கிரீஸ் டிராப்பைத் திரவமாகவே தாண்டி, குளிர்ந்த குழாயில் போய் உறைகிறது. உறையாமல் தப்பியது தொட்டியில் மெம்பிரேன் மேல் மெழுகாகப் பூசிக்கொள்ளும். டிராப்பைப் பெரிதாக்கி, தண்ணீர் ஆறும் நேரம் கொடுத்தால் கொழுப்பு மேலே கட்டியாக நின்றுவிடும், அள்ளிப் போடலாம். மெம்பிரேனுக்கு எதிரியாக இருக்கிற குளிர் இங்கே நம் கட்சி.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஈக்வலைசேஷன் டேங்க், அதாவது வருகிற கழிவுநீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் தொட்டி. மலையில் விருந்தாளிகள் தொட்டபெட்டா கிளம்புவதற்கு முன் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் கீசர் ஓடும். மே மாத 75 கிலோலிட்டரில் 40 சதவீதம் காலை 7 முதல் 10 மணிக்குள் வருகிறது என்று வைத்தால், மூன்று மணி நேரத்தில் 30 கிலோலிட்டர். மெம்பிரேன் சீராக எடுத்தால் அதில் 9 போகும். மீதி 20 கிலோலிட்டருக்கு மேல் எங்கேயாவது நிற்க வேண்டும். 10 கிலோலிட்டரில் டேங்க் கட்டியிருந்தால் என்ன ஆகும்? நிரம்பி வழியும் என்று பயந்து ஆபரேட்டர் ஓய்வை ரத்து செய்து, ஸ்டேண்ட்பை பம்பையும் சேர்த்துப் போட்டு, மெம்பிரேனை வரம்புக்கு மேல் அந்த மூன்று மணி நேரமும் பிழிவார். நாள் முழுக்க சராசரி 21 என்று ஏட்டில் இருக்கும், அடைப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறும். மலை பிளான்ட்டில் அடைப்பு என்றால் இந்தக் காலை நேரத்தைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நீலகிரியில் பெரிய குழி வெட்டுவது லேசில்லை. மண்ணள்ளும் இயந்திரம் இறக்கவே அனுமதி வேண்டும், 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த ஊர், கட்டுப்பாடு வேண்டியதும்தான். அதனால் சிலர் மேல் தளத்தில் பிளாஸ்டிக் டேங்குகளை வரிசையாக வைத்து, கொஞ்சம் காற்று விட்டு, அங்கிருந்து இறக்குகிறார்கள். வேலை செய்யும். ஆனால் பத்தாயிரம் லிட்டர் என்றால் பத்து டன், தாங்குசுவரின் விளிம்பில் அதை வைப்பதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

ஸ்லட்ஜ் வெளியே போகாத கதை

ஒப்பீட்டுப் பட்டியல் எதிலும் வராத ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். உபரி ஸ்லட்ஜை வெளியேற்றினால்தான் தொட்டியில் எம்.எல்.எஸ்.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ் மிதக்கிறது என்ற அளவு) கட்டுக்குள் இருக்கும். கட்டும்போது மணல் படுகை போட்டு, ஸ்லட்ஜ் அதில் காயும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை ஊட்டியில் துணியே காயாது, ஸ்லட்ஜ் எங்கே காயும்? படுகை நிரம்பியிருக்கும், லாரி வர நாளாகும், ஆபரேட்டர் ஸ்லட்ஜ் எடுப்பதை நிறுத்திவிடுவார். எம்.எல்.எஸ்.எஸ். 15,000, 18,000 என்று ஏறும், கூழாகிவிடும், குமிழ் அதில் மேலே வரவே திணறும், ஆக்சிஜனும் கரையாது. அந்த நிலையில் புளோயரை மாற்றினாலும் ஹைப்போவை மாற்றினாலும் பலன் இல்லை. சின்ன ஃபில்டர் பிரஸ் ஒன்று, அல்லது படுகைக்கு மேல் பாலிகார்பனேட் கூரை, இரண்டில் ஒன்றுக்குக் காசு ஒதுக்குங்கள். இதையும் அடைப்புச் செலவில்தான் நான் சேர்ப்பேன்.

ஸ்லட்ஜ் எப்படி இருக்கிறது என்று பார்க்க லேப் வேண்டாம். "அண்ணா, மொதல்ல பேப்பர் டெஸ்ட் போட்டுப் பாத்துரலாம்" என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, புனலில் மடித்த வடிதாளை வையுங்கள், தொட்டியிலிருந்து 50 மில்லி ஊற்றுங்கள், ஐந்து நிமிடம் கழித்து கீழே எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 10 மில்லிக்கு மேல் இறங்கினால் ஸ்லட்ஜ் நல்ல நிலை. 5க்குக் கீழே என்றால் குற்றம் மெம்பிரேனில் இல்லை. கீழே இறங்கும் நீர் கலங்கலாகவோ வழவழப்பாகவோ இருந்தாலும் அதே பொருள். சீசன் முடிந்து பட்டினி கிடந்த பாக்டீரியாவும், சீசன் தொடக்கத்தில் திடீரென்று விருந்து கிடைத்த பாக்டீரியாவும் இந்தப் பசையை நிறைய விடும். ஏப்ரல் முதல் வாரத்திலும் ஆயுதபூஜை விடுமுறைக் கூட்டத்துக்கு முன்பும் இந்தச் சோதனையைத் தினம் செய்தால் போதும்.

ஹைப்போ, ஆசிட், கார்பன், ஃபெரிக்

ரசாயனக் கழுவலை விட முடியாது, அதை நம்பியே வாழவும் முடியாது. வாரம் ஒருமுறை லிட்டருக்கு 200 முதல் 500 மில்லிகிராம் குளோரின் உள்ள மெல்லிய ஹைப்போவைப் பின்னோக்கிச் செலுத்துவது பராமரிப்புக் கழுவல். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை 1,000 முதல் 2,000 வரை சில மணி நேரம் ஊறவைப்பது மீட்புக் கழுவல். தட்டு வகைக்கு அளவு வேறு, தயாரிப்பாளர் கையேட்டில் இருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். கணக்கு எளிது: 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டரை 200 லிட்டர் டிரம்மில் கலந்தால் 500 மில்லிகிராம். கேன் பழசாகி 5 சதவீதமாகியிருந்தால் பாதிதான் கிடைக்கும், கழுவியும் பலன் இல்லை என்று இன்னொரு கழுவல் போடுவார்கள். மலைக்குளிரில் ஹைப்போ மெதுவாகத்தான் வீரியம் இழக்கும், ஆனால் அது மேட்டுப்பாளையத்தில் வெயிலில் எத்தனை வாரம் கிடந்து மலையேறியதோ. வாங்கியதும் ஒரு டெஸ்ட் செய்து கேன் மேல் தேதி எழுதுங்கள்.

சிட்ரிக் ஆசிட் விஷயத்தில் மலைக்காரர்களுக்குக் கொஞ்சம் லாபம். ஓடைத் தண்ணீரும் அணைத் தண்ணீரும் பொதுவாக மென்னீர், கோவை போர்வெல் தண்ணீரில் படிகிற கால்சியம் இங்கே மெம்பிரேனில் அவ்வளவு படிவதில்லை. சமவெளி அட்டவணையை அப்படியே காப்பியடித்து மாதம் ஒருமுறை ஆசிட் போட வேண்டியதில்லை. நாரில் செம்பழுப்பு நிறம் தெரிந்தால் இரும்பு, அப்போது போடுங்கள். ஹைப்போவும் ஆசிட்டும் ஒரே நாளில், நன்றாக அலசாமல், ஒரே குழாயில் போகவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மலையில் எஸ்.டி.பி. அறை பெரும்பாலும் கட்டடத்துக்கு அடியில், குளிருக்குப் பயந்து ஜன்னல் சாத்தியிருக்கும், ஆள் வெளியே வர நேரம் இருக்காது.

ஃபெரிக் குளோரைடு பக்கம் நான் போகமாட்டேன், காரணம் அதே மென்னீர். அமோனியாவை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மையைத் தின்றுவிடும், மலைத் தண்ணீரில் இருப்பதே கொஞ்சம். அதன்மேல் ஃபெரிக்கும் போட்டால் பி.எச். விழும், பாக்டீரியா சுணங்கும், பசை கூடும், சுற்றிச் சுற்றி அடைப்புக்கே வந்து நிற்கும். பொடிக் கார்பன் அப்படியில்லை, பசையை உறிஞ்சிக்கொண்டு திரள்களுக்கு உறுதி தரும். 20 கிலோலிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு அரை கிராம் என்றால் முதலில் 10 கிலோ, அப்புறம் ஸ்லட்ஜோடு வெளியேறுவதை ஈடுகட்ட நாளுக்கு அரை கிலோவுக்கும் குறைவு. ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து ஜூன் தொடக்கத்தில் நிறுத்தினால் சீசனைக் கடக்கலாம். வருடம் முழுக்கப் போடும் பொருள் இல்லை. தண்ணீரில் குழைத்துத்தான் ஊற்ற வேண்டும், மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டினால் அறை, ஆள், சுவர் எல்லாம் கறுத்துவிடும்.

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுங்-ஹக் லீ குழு 2009இல் தொடங்கி வைத்த ஒரு வழியும் உண்டு. பாக்டீரியாக்கள் ரசாயனச் சைகை விட்டு ஒன்றுகூடித்தான் மெம்பிரேன் மேல் படலம் கட்டுகின்றன, அந்தச் சைகையைத் தின்னும் வேறு பாக்டீரியாவை மணிகளுக்குள் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டால் கூட்டம் கூடாது. ஆய்வுகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. 50 கே.எல்.டி. ரிசார்ட் வாங்கிப் போடுகிற பொருளாக அதை இன்னும் நினைக்க வேண்டாம்.

மெம்பிரேனை மாற்றும் நிலைமைக்கே வந்துவிட்டவர்களுக்கு ஒன்று. மாட்யூல் வாங்கினால் மார்ச்சுக்குள் வாங்கி இறக்கிவிடுங்கள், சீசன் நடுவில் மாற்ற முடியாது. பழையதைக் கழுவி ஸ்பேராக வைக்க நினைத்தால் நிழலில், ஈரத்தோடு, மூடி வையுங்கள், காய்ந்தால் துளைகள் சுருங்கி மறுபடி தண்ணீர் இறங்காது. டிசம்பர் இரவில் மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லில் உறைபனி நிற்கிற காலையில் நாருக்குள் இருக்கும் தண்ணீரும் உறைந்திருக்கும், அந்த நாரை அப்புறம் எந்த ஹைப்போவும் காப்பாற்றாது.